உயிர் ஏறாத பாட்டியின் விண்ணப்பம்

அனுப்புநர்: தங்கள் கணினியின்படி காலஞ்சென்ற நான், சுப்ரமணியபுரம், திருச்சி.

பெறுநர்: உயர்திரு கிளை மேலாளர் அவர்கள். (வங்கியின் பெயரைப் போட்டால் திருஷ்டி பட்டுவிடும் என்பதால் போடவில்லை.)

பொருள்: போன உயிரைத் திரும்பப் பெறுவது தொடர்பாக.

பேரன்பும் பெருங்கருணையும் கொண்ட ஐயா,

"சார், இந்தப் பாட்டிக்கு உயிர் ஏற மாட்டேங்குது!"

சென்ற வாரம் தங்கள் கிளையில் நகைக்கடன் கேட்டு வந்தவர்கள், பாஸ்புக் பதிய வந்தவர்கள், ஏ.சி. காற்று வாங்க மட்டுமே வந்தவர்கள் என்று ஹால் நிறைய ஜனம் இருக்கும்போது, கவுண்ட்டர் தம்பி எழுந்து நின்று அறிவித்த செய்தி இது. தாங்கள் கண்ணாடி அறைக்குள் இருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "நாளைக்கு வரச் சொல்லு, வரும்" என்றீர்கள். போன உயிர் நாளைக்கு வரும் என்று இத்தனை உறுதியாகச் சொல்ல எமதர்மனாலும் முடியாது. அந்தத் தாராள மனசை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

செத்தவள் கடிதம் எழுதுகிறாளே என்று பயப்பட வேண்டாம். அமாவாசைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, நான் அலுவல் நேரத்தில் மட்டும் வருகிற ஆவி. பத்து மணிக்கு மேல், உணவு இடைவேளைக்கு முன்.

ஓய்வூதியத்துக்கான உயிர்ச் சான்றுக்கு ரேகைப் பெட்டியில் விரல் பத்தையும் வைத்துப் பார்த்தோம். ஒருவர் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கச் சொன்னார். எண்ணெயைத் துடைத்துவிட்டு சானிடைசர் போடச் சொன்னார் இன்னொருவர். வாசல் செக்யூரிட்டி தம்பி, "முந்தானையில நல்லா தேய்ச்சுட்டு வைங்கம்மா" என்றது. பெட்டி சிவப்பாக முழித்தது, அணைந்தது, மறுபடி முழித்தது. பொருந்தவில்லையாம். எண்பத்தோரு வருஷமாக என்னோடு இருக்கிற விரல் எனக்குப் பொருந்தவில்லை.

இதைக் கேட்ட என் மருமகள், "உழைத்துத் தேய்ந்த விரல்கள்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கவிதையே போட்டுவிட்டாள். பெங்களூர் பேரன் வரிசையாக அழுகிற பொம்மைகளை அனுப்பினான். யாரும் அழ வேண்டாம் ஐயா. வயதானால் தோல் காய்ந்து சுருங்கும், ரேகையின் மேடு தட்டையாகும், பெட்டிக்குத் தெரியாது. ஒரு துரும்பை எடுத்து அந்தண்டை போடாத என் நாத்தனாருக்கும் போன வருஷம் ஏறவில்லை. அவள் எதை உழைத்துத் தேய்ந்தாள் என்று அந்தக் கவிதைக்காரி சொல்லட்டும்.

எங்கள் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை. ஆர்மரி கேட்டுக்குள் போனவர் ரிட்டையர்மென்ட் அன்றுதான் மாலையோடு வெளியே வந்தார் என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் கடிகாரம் எதற்கு, ஒர்க்‌ஷாப் சங்குக்குத்தான் உலை வைப்பேன். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களை ரிப்பேருக்கு அங்கேதான் கொண்டுவருவார்கள். பிரித்து, சுத்தியலால் தட்டி, கேட்டு, மறுபடி பூட்டி, புகைவிட வைத்து அனுப்புவார்கள். "தட்டினா சத்தத்துலயே தெரியும்டி, அதுக்குள்ள உயிர் இருக்கா இல்லையான்னு" என்பார். தாங்களும் என்னை ஒரு தட்டு தட்டிப் பார்த்திருக்கலாம். அத்தனை பேர் முன்னாடி எனக்குச் சங்கு ஊதியதற்கு அது எவ்வளவோ மரியாதை.

டெல்லிக்கு என் ஆயுள்மேல் இருக்கும் ஆசையைத் தாங்கள் அறிவீர்கள். மத்திய அரசு ஓய்வூதியத்தில் எண்பது முடிந்தால் 20 சதவீதம் கூட்டித் தருகிறார்கள். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50. நூறைத் தொட்டுவிட்டால் அடிப்படை ஓய்வூதியம் அப்படியே இரண்டு மடங்கு. இன்னும் இரு, இன்னும் இரு என்று கையைப் பிடித்து இழுக்கிற அரசாங்கம். எண்பதைத் தாண்டிய கிழங்கள் நவம்பர் கூட்டத்தில் நசுங்க வேண்டாம், அக்டோபர் 1ஆம் தேதியில் இருந்தே உயிர்ச் சான்று கொடுக்கலாம் என்று 2019இல் உத்தரவும் போட்டார்கள். அதை நம்பி நான் அக்டோபரில் வந்தபோது, "அதெல்லாம் நவம்பர்லதாம்மா" என்று அனுப்பிவைத்தீர்கள். டெல்லியில் இருந்து திருச்சிக்கு அந்த உத்தரவு பாசஞ்சர் வண்டியில் வந்துகொண்டிருக்கிறது போலும். விழுப்புரம் தாண்டியிருக்கும்.

நவம்பரில் வந்தேன். முதல் கேள்வி: "மறுமணம் செஞ்சுக்கிட்டீங்களா?"

தம்பிமேல் குற்றமில்லை. திரையில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது, கேட்டுத்தான் ஆக வேண்டும். கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம். எனக்குப் பின்னால் நின்ற தபால்துறைப் பெரியவர் ஒருவர் காது மெஷினைச் சரிசெய்துகொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். "நல்ல வரன் இருந்தா சொல்லுப்பா" என்றேன். தம்பி சிரிக்கவில்லை, 'இல்லை' என்பதை அமுக்கினார். அதன்பின் விரலை வைக்கச் சொன்னார். அதன்பின் நான் காலமானேன்.

செய்தி சாயங்காலத்துக்குள் எங்கள் சிமெண்ட் பெஞ்சுக்கு வந்துவிட்டது. நாங்கள் நாலு பேர் அங்கே தினமும் உட்காருவோம். கான்வென்ட்டில் கணக்கு எடுத்த டீச்சர், பாய் வீட்டு அம்மா, மாவு மில் அக்கா, நான். துக்கம் விசாரிக்கிற லட்சணத்தைக் கேளுங்கள். மாவு மில் அக்கா ஏலச்சீட்டு நடத்துகிறவள். "செத்தவங்க பேருல சீட்டு எடுக்க முடியாதுடியம்மா, இந்த மாசத் தள்ளு எங்க மூணு பேருக்குத்தான்" என்று சொல்லிக் கழித்துவிட்டாள். பாய் வீட்டு அம்மா, "என் மருமக கனவுல போய் ஒரு அதட்டு அதட்டிட்டு வாயேன், ஆவிதானே" என்று வேலை கொடுத்தாள். டீச்சர் கண்ணாடியைத் துடைத்தபடி, "மூணாம் நாள் உயிர்த்தெழுந்தவர் ஒருத்தர்தான். உனக்கு சர்வர் கிடைக்கணும்" என்றாள்.

அமாவாசையும் வந்தது. எங்கள் வீட்டுக்காரருக்குச் சோறு வைக்கப் போனால் சின்னப் பேத்தி இலையில் இன்னொரு உருண்டை உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

"யாருக்குடி அது?"

"உங்களுக்கு அப்பத்தா. பேங்க்ல சொல்லிட்டாங்கல்ல."

காக்கை என் உருண்டையைத்தான் முதலில் கொத்தியது. அவருக்கு வைத்ததைத் தொடக்கூட இல்லை. அதுவும் தங்கள் சர்வரோடு இணைக்கப்பட்ட காக்கையாகத்தான் இருக்கும்.

மேலாளர் ஐயா, ஒரு சந்தேகம். போன வருஷம் என் டெபாசிட் முதிர்ந்த மாதம், நான் வாசல்படி ஏறுவதற்குள் கண்ணாடி அறையில் இருந்து தாங்களே எழுந்து வந்து, "வாங்கம்மா, முட்டி வலி எப்படி இருக்கு" என்று கேட்டீர்கள். காபி வந்தது. அன்றைக்கு என் ரேகையை யாரும் கேட்கவில்லை. எனக்கு எண்பது முடிந்ததும், ஆயுள் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை விளக்கிச் சொல்ல டை கட்டிய பையன் ஒருவனை என் வீட்டுக்கே அனுப்பினீர்கள். பேரன் பெயரில் பாலிசி, பிரீமியம் மட்டும் நான் கட்ட வேண்டுமாம். மாடி ஏறி வந்து, செருப்பைக் கழற்றி, சுண்டல் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் பேசினான். பணம் தருகிறபோது நான் யார் என்று தங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. பணம் வாங்க வரும்போதுதான் பெட்டியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

காகிதத்திலும் உயிர்ச் சான்று கொடுக்கலாம் என்பது தாங்கள் அறியாததா? ஆளை நேரில் பார்த்து வங்கி அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அந்தத் தாளையும் கையோடுதான் கொண்டுவந்தேன். "சிஸ்டம் ஏத்துக்காதும்மா" என்று இரண்டு விரலால் தள்ளினீர்கள். தங்கள் விரலில் ரேகை நன்றாகவே தெரிந்தது.

அன்றைக்கு வெளியே ஆட்டோவில் ஒரு மனிதர் இருந்தார். மூத்திரப் பை மாட்டியிருந்தது. மகள் உள்ளே ஓடி வந்து, "அப்பாவால எறங்க முடியாது, யாராவது ஒருத்தர் வெளிய வந்து பாருங்க சார்" என்று கேட்டாள். தூக்கிக்கொண்டு வரச் சொன்னீர்கள். ஆட்டோக்காரரும் செக்யூரிட்டி தம்பியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் சர்வர் இல்லை என்று சொன்னீர்கள். மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே போய் உயிர்ச் சான்று வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே எழுதிவிட்டது. வீட்டுக்குப் போக வேண்டாம். வாசலுக்கு வர உங்களில் ஒருவருக்கும் கால் இல்லையா? ஓய்வூதியம் பிச்சைக் காசா? எங்கள் வீட்டுக்காரர் இரும்போடு கிடந்து சம்பாதித்தது. நவம்பர் முடிந்தால் நிறுத்திவிடுவீர்கள், சான்று கொடுத்த பிறகு பாக்கியைத் தருவீர்கள், தெரியும். நடுவில் அந்த மனிதர் மாத்திரைக்கு யாரிடம் போய் நிற்பார்?

பொறுத்தருள வேண்டும். செத்தவளுக்கு இரத்தக் கொதிப்பு ஆகாது. தங்கள் கிளையின் குளிர்ச்சியை நினைத்து ஆற்றிக்கொண்டேன்.

என் பேரன் எனக்கு ஆறுதலாக ஒரு கதை சொன்னான், நிஜக் கதை. உத்தரப் பிரதேசம் ஆசம்கரில் லால் பிகாரி என்று ஒருவர். நிலத்துக்காகச் சொந்தக்காரர்கள் அவரை 1975இல் வருவாய்த்துறைப் பதிவில் சாகடித்துவிட்டார்கள். மறுபடி உயிர் பெற 1994 வரை ஆனது. சும்மா இருக்கவில்லை மனுஷன். பெயருக்குப் பின்னால் 'மிருதக்' என்று சேர்த்துக்கொண்டார், அதாவது பிணம். தன்னைப்போல் காகிதத்தில் செத்தவர்களை எல்லாம் கூட்டிச் சங்கம் வைத்தார். உயிரோடு இருப்பதைக் காட்ட ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். இதைக் கேட்டதில் இருந்து எங்கள் சிமெண்ட் பெஞ்சில் அந்தச் சங்கத்தின் திருச்சிக் கிளையைத் திறக்கலாமா என்று பேச்சு. டீச்சர் பொருளாளர். தலைமை தாங்க இதுவரை நான் ஒருத்திதான் தகுதியான பிணம். தங்கள் கிளை இதே சுறுசுறுப்போடு போனால் பொங்கலுக்குள் கோரம் சேர்ந்துவிடும்.

ஆனால் அந்தப் பதவியும் நிலைக்கவில்லை. முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்று எடுக்கிற வசதி 2021 நவம்பரில் இருந்து இருக்கிறதாம். போன் போதுமாம். தங்கள் கிளையில் யாரும் மூச்சுவிடவில்லை. பேரன் கண்டுபிடித்தான். சமையலறையில் உட்காரவைத்தான், வெளிச்சம் போதவில்லை. கூடத்தில் உட்காரவைத்தான். குக்கர் விசில் அடித்தது, நான் திரும்பினேன், அழிந்துவிட்டது. அப்புறம் அந்த போன் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. புரை எடுத்த கண், சொன்னவுடன் மூடித் திறக்காது. ஒன்று மூடினால் இன்னொன்று நிற்கிறது. "அப்பத்தா, கண்ணடிக்காதீங்க, ரெண்டையும் சிமிட்டுங்க" என்று பேரன் கத்துகிறான். மறுமணம் இல்லை என்று எழுதிக்கொடுத்த கையோடு அரசாங்கத்தைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன். மேலே போட்டோவில் அவர், சந்தனப் பொட்டோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் கரண்டியோடு உள்ளே ஓடிவிட்டாள்.

கடைசியில் மொட்டைமாடியில், வடகம் காய்கிற இடத்தில், வெயிலுக்குக் கூசிக் கண் தானாகவே சிமிட்டியது. உயிர் ஏறிவிட்டது. எண் போட்டுக் குறுஞ்செய்தியும் வந்தது. ஓசி வெயில், ஓசி பேரன், ஒரு கரண்டி வடக மாவு காக்காய்க்குப் போனது, அவ்வளவுதான் செலவு.

எனவே தாங்கள் என் பொருட்டு இனி சிரமப்பட வேண்டாம். ஆனால் போனும் பேரனும் இல்லாதவர்கள் தங்கள் வரிசையில் இன்னும் நிறையப் பேர் செத்துக் கிடக்கிறார்கள். அந்த ஆட்டோ மனிதரின் மகளிடம் நான் பேசிவிட்டேன். வீடு நம் கிளைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, கீழ்த்தளம், படி இல்லை. வரும் திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தங்கள் வாசலில் நிற்பேன். கையெழுத்துப் போடுகிற அதிகாரி ஒருவரை, பேனாவோடு, என்னுடன் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். வழி நான் காட்டுகிறேன், ஆட்டோ காசும் என்னுடையது. அந்த வீட்டில் சுண்டல் இருக்குமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
தங்கள் சிரமத்தைப் பாராமல் உயிரோடிருக்கும்,
குடும்ப ஓய்வூதியதாரர்

பி.கு.: அந்த ஆயுள் காப்பீட்டுப் பையன் நேற்று மறுபடி போன் செய்தான். பாட்டி தவறிவிட்டார்கள், வேண்டுமானால் பேங்கில் கேட்டுப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன். தாங்கள் மாற்றிச் சொல்லிவிட வேண்டாம்.