மூன்று அங்குலமும் முப்பது வருஷச் சங்கிலியும்

நான் நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன். முகையூர் வட்டாரத்தில் வரப்புத் தகராறு என்றால் இன்றைக்கும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் முதலில் வருவார்கள். காசு கொடுக்க மாட்டார்கள். காபி குடித்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு மூன்று அங்குல இரும்புக் குழாய் ஒன்றை அளக்கத் தெரியவில்லை என்பது போன தை மாதம் ஊருக்கே தெரிந்துபோயிற்று. வேறு யாரோ எழுதி நீங்கள் படிப்பதைவிட நானே எழுதிவிடுவது மரியாதை.

என் மாமனாரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. லைசென்ஸ் உள்ளதுதான், பயப்பட வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் 1993-ல்தான் பிறந்தது. மாமாவின் லைசென்ஸ் அதற்கும் மூத்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் தென்னாற்காடு மாவட்டம் என்று கடலூர் கலெக்டர் ஆபீஸ் முத்திரை இருக்கும். கரும்புப் பணத்தை இரவில் கையில் எடுத்துக்கொண்டு வரவேண்டியிருந்த காலத்தில் யாரோ ஒரு பழைய அதிகாரியின் குடும்பத்திடமிருந்து முறைப்படி வாங்கியது. மாமா அதை ஒரு தடவையும் சுட்டதில்லை. அந்தத் துப்பாக்கி பார்த்த வெளியுலகமெல்லாம் போலீஸ் ஸ்டேஷன்தான். தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்க வேண்டும், முடிந்தால் திரும்ப வாங்க வேண்டும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று எங்கள் குடும்பத்தில் ஒன்றுவிடாமல் எல்லாத் தேர்தலுக்கும் போனது அது ஒன்றுதான்.

மாமாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கை நடுங்குகிறது. "வித்துடலாம் மாப்ள, இதத் தூக்கிக்கினு ஸ்டேஷனுக்கு இனிமே என்னால அலைய முடியாது" என்றார். சென்னையில் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடை ஒன்றுக்குப் போன் போட்டோம். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி.

"பேரல் எத்தனை இஞ்சு? கம்பெனி அளவா, நடுவுல யாராச்சும் வெட்டினதா?"

மாமா காது கேட்காமல் என்னிடம் போனைக் கொடுத்தார். நான், "அளந்து சொல்றேன் சார், நான் சர்வேயர்" என்றேன். பெருமை அடித்துக்கொள்ள வேறு எத்தனையோ இடம் இருந்தது.

தோட்டாக்களை வேறு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் என் மனைவி ரிவால்வரை மேஜைமேல் வைக்க விட்டாள். மாமாவே அதை மடக்கித் திறந்து, ஆறு அறையும் காலி என்று காட்டினார். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து வெப்லி கம்பெனி செய்தது. இடுப்பு ஒடிந்த மாதிரி நடுவில் மடங்கும் ஜாதி.

வீட்டில் இருந்த தையல் டேப்பை எடுத்தேன். 4 அங்குலம். சரியாக 4. பக்கத்தில் நின்ற மனைவி டேப்பின் நுனியைத் தூக்கிக் காட்டினாள். பித்தளை முனையும் முதல் அங்குலமும் எப்போதோ பிய்ந்து போயிருந்தன. அந்த டேப் 1-ல்தான் ஆரம்பிக்கிறது. "இதுலதான் உங்க பேரனுக்கு யூனிபார்ம் தச்சேன், அதான் ஒரு இஞ்சு குட்டையாப் போச்சு" என்று அவளுடைய பழைய வழக்கு ஒன்றும் அத்தோடு தீர்ந்தது.

அடுத்து பேரனின் பள்ளிக்கூட ஸ்கேல். இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. சர்வே சங்கிலிக்குப் பித்தளைக் கைப்பிடி உண்டு. அந்தக் கைப்பிடியின் வெளி விளிம்பிலிருந்தே நீளம் கணக்கு. முப்பது வருஷப் பழக்கத்தில் ஸ்கேலின் விளிம்பைக் குழலின் வாயோடு சேர்த்து வைத்தேன். ஸ்கேலில் 0 என்ற கோடு விளிம்புக்கு நாலு மில்லிமீட்டர் உள்ளே இருக்கும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். 7.2 சென்டிமீட்டர் வந்தது. வகுத்துப் பார்த்தால் 2.8 அங்குலம். பேரன் சிரித்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்றாவது முறை, சிலிண்டரையும் சேர்த்து அளந்தால் 4½. எது பேரல், எது சிலிண்டர், எங்கே ஆரம்பம், எங்கே முடிவு? என் தற்காப்புக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பழைய புலப்படமெல்லாம் கன்டர் சங்கிலிக் கணக்கு. நூறு லிங்க் சேர்ந்து 66 அடி. ஒரு லிங்க் என்பது 7.92 அங்குலம். மாமாவின் ரிவால்வர் நுனியிலிருந்து பிடி வரை மொத்தமே ஒரு லிங்க்குக்குக் குறைவு. ஒரு லிங்க்குக்குக் கீழே இருப்பதை நாங்கள் அண்ணன் தம்பிகளிடமே விட்டுவிடுவது வழக்கம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேரனின் போனில் வெப்லியைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட வெப்லி ஆறாம் மார்க்கின் பேரல் 6 அங்குலம் என்று போட்டிருந்தது. எனக்கு வியர்த்தது. நம்மிடம் இருப்பது எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஆறு இல்லை. யாரோ பாதியை அறுத்திருக்கிறார்கள்!

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிக்குப் பஞ்சமா? தோல் உறையை எடுத்துப் பார்த்தேன். துப்பாக்கியை உள்ளே விட்டால் அடியில் மூன்று விரற்கடை காலி. அப்பனின் சட்டையைப் பிள்ளை போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. உறை பழைய நீளத்துக்குத் தைத்தது. துப்பாக்கி பிறகு குறைந்திருக்கிறது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அடுத்து, குழலின்மேல் ஒரு கிரீடம், அதன்கீழ் NP என்று இரண்டு எழுத்து. நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன்: என்.பி. என்றால் நடேச பிள்ளை. கிரீடம் இருப்பதால் ஜமீன்தார். ஜமீன் ஒழிப்பில் நிலம் போன கோபத்தில் குழலை அறுத்து மறைத்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கதையை மாமியாரிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மடித்தபடி, "மாப்ளைக்கு மத்தியான சாப்பாடு ஆச்சா?" என்று மகளைக் கேட்டார்.

டீக்கடையில் ஒரு பெரியவர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். காட்டுப் பன்றிக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்க அலைந்த அனுபவஸ்தர். "பேரலு இருவது இஞ்சுக்குக் கொறையக் கூடாதுன்னு சட்டத்துலயே போட்டுக்குது" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் வழவழக் குழல் துப்பாக்கிக்கு 20 அங்குலம் என்று அளவு சொல்கிறது. அது தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கிக்கான பேச்சு, ரிவால்வருக்கு இல்லை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 20 எங்கே, 2.8 எங்கே! அதே சட்டத்தின் 6-ம் பிரிவை அன்றிரவு படித்தேன். துப்பாக்கியின் குழலைக் குறைப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டுமாம். இல்லாமல் அறுத்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 வருஷம். அறுத்தது நடேச பிள்ளைதான், நாங்கள் இல்லை என்று எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பது? நடேச பிள்ளை என்று ஒருவர் இருந்தார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டுமே.

"ஏங்க, தூங்குங்க. அறுத்திருந்தா எங்கப்பாவுக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி. "அவருக்குக் காது கேட்காது" என்றேன். அறுத்த சத்தத்தை இப்போது கேட்கவா போகிறார் என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மச்சான் காரில் கிளம்பினோம். பெட்டி மாமாவின் மடியில், லைசென்ஸ் புத்தகம் சட்டைப்பையில். விழுப்புரம் தாண்டி விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் காக்கிச் சட்டை ஒன்று கண்ணில் பட்டதும் நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கந்தசஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்தேன். அந்தக் காக்கி பக்கத்து வண்டிக்காரரிடம் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தியபோது மாமா நிதானமாக, "ஜெய்சங்கர் படத்துல பாத்தியா மாப்ள, அவரு துப்பாக்கியும் சின்னதாத்தான் இருக்கும்" என்றார். அதைக் கேட்டிருந்தாலே பாதி கவலை தீர்ந்திருக்கும். எனக்கு அப்போது படம் பார்க்கும் மனநிலை இல்லை.

கடையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு தொழிலாளி இருந்தார். கடிகார ரிப்பேர்காரர் மாதிரி ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி. முதலில் துப்பாக்கியை மடக்கி, சிலிண்டர் காலியா என்று பார்த்தார். மாமா ஏற்கனவே காட்டியிருந்தும் மறுபடி ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். பிறகு மூடி, வெர்னியர் காலிப்பரை எடுத்துக் குழலின் வாயிலிருந்து சிலிண்டரின் முன் முகம் வரை வைத்தார். "76 மில்லி. மூணு இஞ்சு." அவ்வளவுதான். எனக்கு ஒரு ராத்திரி, அவருக்கு அரை நிமிஷம்.

"ரிவால்வர்ல சிலிண்டரைச் சேர்க்கக் கூடாது சார்" என்றார். "பிஸ்டல்னா தோட்டா உட்கார்ற இடமும் பேரல்ல சேர்த்தி, அதனால பின்முகம் வரைக்கும் அளக்கணும். இதுல தோட்டா உட்கார்றது தனி வீடு, பேரல் தனி வீடு." வீடு என்றதும் எனக்குப் புரிந்தது. இரண்டு சர்வே நம்பர். நான் பக்கத்து நம்பரையும் சேர்த்து அளந்திருக்கிறேன்.

"அப்ப ஆறு அங்குலம்?" என்றேன்.

"அது .455, பட்டாளத்துச் சரக்கு. அந்தத் தோட்டா பாயும் துப்பாக்கியெல்லாம் நம்ம ஊர்ல தடை பண்ணின ரகம். உங்களுது .32, பாக்கெட் மாடல். மூணு இஞ்சுதான் இதுக்குப் பொறந்த அளவு. யானைத் தந்தத்தைப் பார்த்துட்டு வந்து பன்னிக்குப் பல்லு கொறையுதுன்னா எப்படி?"

வெட்டியது என்றால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தொழில் தெரிந்தவரிடம் இதைக் கேட்டால் போதும், விலை பேசுவதை மறந்துவிடுவார்கள். கண்ணாடியை என்னிடம் கொடுத்துக் குழலின் வாயைப் பார்க்கச் சொன்னார். துளையைச் சுற்றி விளிம்பு ஒரே சீராக, நாணயத்தின் ஓரம்போல் உருண்டிருந்தது. ரம்பம் போட்ட வாயில் இந்த உருட்டு இருக்காது. அரத்தால் தேய்த்திருந்தால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து நிற்குமாம். நுனியில் நிற்கும் சைட்டை நகத்தால் தடவச் சொன்னார். குழலை வெட்டினால் சைட்டும் சேர்ந்து போய்விடும். மறுபடி ஒன்றைப் பற்றவைத்தாக வேண்டும். பற்று வைத்த இடத்தில் நகம் தடுக்கும். தடுக்கவில்லை. கருநீலப் பூச்சு நுனிவரை ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. வெட்டி, புதுப் பூச்சு கொடுத்திருந்தால் நுனி மட்டும் நேற்றுச் சாயம் அடித்த தலைபோல் மின்னுமாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு என் தலையில் இருக்கும் சாயத்தைத் தடவிக்கொண்டேன்.

"எழுத்தைப் பாருங்க. வெட்டினதுல கம்பெனி எழுத்து பாதியிலயே நின்னுடும், இல்ல நடுவுல இல்லாம ஓரத்துக்கு ஒதுங்கிடும். இதுல முத்திரையெல்லாம் முழுசா இருக்கு. இந்தா, இறக்கை வெச்ச தோட்டா, வெப்லிக்காரன் மார்க்கு." நான் அதை இரவெல்லாம் பறக்கும் மீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இது கிரீடமும் என்பியும். நைட்ரோ ப்ரூஃப். புகையில்லாத மருந்து போட்டுச் சுட்டுச் சோதிச்சாச்சுன்னு பர்மிங்காம் சோதனைச் சாலையில 1904-லிருந்து குத்துற முத்திரை."

நடேச பிள்ளை ஜமீன் அந்த நிமிஷமே ஒழிந்தது.

வெட்டியதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் சொன்னார். அமெரிக்காவில் கோல்ட் கம்பெனிக்குத் துப்பாக்கியின் நம்பரை எழுதிப் பணமும் கட்டினால், அது எத்தனை அங்குலக் குழலோடு, எந்தத் தேதியில், எந்தக் கடைக்குப் போனது என்று பழைய பேரேட்டைப் பார்த்துக் கடிதம் கொடுப்பார்களாம். அங்கே 4¾, 5½, 7½ என்று மூன்று நீளத்தில் வந்த கௌபாய் ரிவால்வரை வெட்டி ஏமாற்றுகிறவர்கள் ஏராளம், அதனால் கடிதத்துக்கு நல்ல மதிப்பு என்றார். எனக்குச் சட்டென்று அந்தக் கம்பெனிமேல் மரியாதை வந்துவிட்டது. அவர்களும் புலப்படச் சுவடி வைத்துப் பராமரிக்கிறார்கள்.

"அப்ப நல்ல விலை வரும்?" என்று மாமா கேட்டார். இந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்குக் காது கேட்கும்.

தொழிலாளி துப்பாக்கியை மடக்கி, வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பி, குழலின் பின்பக்கமாகக் கண்ணை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். "நீளம் ஒரிஜினல்தான். உள்ளேதான் போச்சு. என்னத்தையோ ஊத்தி, அது பிசினாட்டம் ஒட்டி, அதுக்கடியில துரு சாப்பிட்டிருக்கு. எவனோ தேங்காயெண்ணெய் விட்டிருக்கான்."

மாமா என்னைப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு, துப்பாக்கி எண்ணெய்க்கு எதற்கு மாமா வீண்செலவு, நம்ம மரத்துத் தேங்காயெண்ணெயே போதும் என்று சொல்லிக் கரண்டியால் ஊற்றியவன் நான்.

எதிர்பார்த்த விலையில் பாதிதான் வந்தது. காகிதமெல்லாம் முடித்துத் திரும்பிய அன்று இரவு, உறை ஏன் பெரிது என்று மாமியாரிடம் கேட்டேன். "அது வேற எதுக்கோ தச்ச பழைய உறை, சும்மா கெடைச்சுதுன்னு வாங்கியாந்தாரு. அடியில பொடி டப்பா வெப்பாரு" என்றார். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். மூன்று தும்மல் வந்தது.

கடைக்காரர் உறையை வேண்டாம் என்றுவிட்டார். இப்போது அது எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, ரிமோட் வைத்திருக்கிறோம். உள்நீளம் எட்டே முக்கால் அங்குலம். அளந்தது என் மனைவி.