பதினோராம் பொருத்தம்

1983 சிங்கப்பூருக்கு யோகமான வருஷம். இங்கே தெம்பனிஸில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புளோக் புளோக்காக எழுப்பிக்கொண்டிருந்தது. அங்கே தேக்காவுக்குக் கூப்பிடு தூரத்தில், மலாயில் 'எருமைத் தொழுவம்' என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், மே 19 அன்று நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. சாதித்தது பேராசிரியர் எஸ். எஸ். ரத்னத்தின் குழு, அவர் இலங்கையிலிருந்து வந்த நம்மாள். கருவைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தவர்கள் அதனிடம் சர்டிஃபிகேட் கேட்கவில்லை.

கேட்டவர் பிரதமர் லீ குவான் இயூ. ஆகஸ்ட் 14, தேசிய தினப் பேரணி உரை. புத்தியில் 80 விழுக்காடு பிறவியில் வருவதாம், மீதி 20தான் வளர்ப்பாம். பட்டதாரி ஆண்கள் படிப்புக் குறைந்த பெண்ணாகப் பார்த்துக் கட்டுகிறார்கள், பட்டதாரிப் பெண்கள் தனியாக நிற்கிறார்கள், நாடு என்னாவது? நம் ஜோசியருக்குப் பத்துப் பொருத்தம் போதும். அரசாங்கம் பதினோராவதாகப் பட்டப் பொருத்தத்தைச் சேர்த்தது.

1984இல் அரசே தரகு வேலையில் இறங்கியது. பட்டதாரிகளை ஜோடி சேர்க்க எஸ்.டி.யு. என்றொரு பிரிவு, தேநீர் நடனம், கப்பல் உலா எல்லாம் உண்டு, கமிஷன் மட்டும் கிடையாது. பட்டதாரித் தாய் மூன்று பெற்றால் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் முன்னுரிமை. படிப்பும் வருமானமும் குறைந்த, 30 வயதுக்குட்பட்ட தாய் ஒன்றிரண்டோடு கருத்தடை செய்துகொண்டால் மத்திய சேமநிதியில் 10,000 வெள்ளி.

என் அம்மா ஆறாம் வகுப்பு. அப்பா பேப்பரை வாசிக்கக் கேட்டுக்கொண்டே தோசையைத் திருப்பிப் போட்டாள். மூன்றாவது பிள்ளையான என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பத்தாயிரம் வெள்ளியாடா நீ? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!"

வாக்காளர்கள் தோசையோடு நிறுத்தவில்லை. டிசம்பர் 22 தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் வாக்கு 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8க்கு இறங்கியது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அம்மாக்களின் கோபத்தைக் கணக்கில் சேர்க்காதவர் இல்லை. மறு வருஷமே பள்ளி முன்னுரிமை மூட்டை கட்டப்பட்டது. 'இரண்டே போதும்' என்று 1972 முதல் சொன்ன அதே வாய், 1987இல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறச் சொன்னது.

இன்று பட்டம் கேட்பதில்லை, தாலி கேட்கிறார்கள். 2023 ஜூலை முதல் 21இலிருந்து 37 வயதுவரை உள்ள பெண், மணமாகாதவளும்கூட, கருமுட்டையை உறையவைக்கலாம். அதை வெளியே எடுத்துப் பிள்ளை பெறத் திருமணப் பதிவு வேண்டும். முட்டை அவளுடையது, சாவி அரசிடம்.

எந்தப் பிள்ளை பிறக்கத் தகுந்தது, யார் பெறத் தகுந்தவர் என்று அரசாங்கம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டது. விடை இது: அந்த 2023இல் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 0.97.