வந்தாரை வாழவைக்கும் ஸ்பூலர்

விண்டோஸ் கணினியில் ‘பிரிண்ட்’ கொடுத்ததும், காகிதம் வருவதற்கு முன்னால் ஒருவர் ஓடியாடி வேலை பார்க்கிறார். பெயர் பிரிண்ட் ஸ்பூலர். வந்த கோப்புகளை வரிசையில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்கு அனுப்புவார். அவருடைய உபசாரத்தை யாராவது வாயாரப் புகழ வேண்டும்.

2010இல் ஸ்டக்ஸ்நெட் வெளிச்சத்துக்கு வந்தது. ஈரானின் நதன்ஸ் யுரேனிய ஆலையைக் குறிவைத்த நிரல் அது. பகிர்ந்து வைத்திருந்த பிரிண்டருக்கு, விருந்தினர் கணக்கிலிருந்து, அச்சு வேலை மாதிரியே ஒரு கோப்பை அனுப்பியது. வேறு யாராக இருந்தாலும் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஸ்பூலர் அதை நேரே சிஸ்டம் கோப்புறைக்குள், பூஜை அறைக்குள் அழைத்துப்போவதுபோல, கொண்டுபோய் வைத்தார். அந்த வழி 2009இலேயே ஒரு பத்திரிகையில் அச்சாகியிருந்தது. அடைத்தது 2010 செப்டம்பரில். அவ்வளவு நாள் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கப் பெரிய மனசு வேண்டும்.

கூட வந்த டிஜிட்டல் கையெழுத்தும் குணத்தில் குறைந்ததல்ல. ஸ்டக்ஸ்நெட்டின் டிரைவர்களில் (சாதனங்களை இயக்கும் நிரல்களில்) இருந்தவை முதலில் ரியல்டெக்கின் கையெழுத்து, பிறகு ஜேமைக்ரானின் கையெழுத்து. இரண்டும் தைவானின் ஷின்சு அறிவியல் பூங்காவில் இடம் வைத்திருந்த நிறுவனங்கள். கையெழுத்திடும் சாவிகள் களவுபோனவை. ஆனால் கையெழுத்து ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. ‘இன்னார் சாவியால் இட்டது, இட்டபின் ஒரு பிட்டும் மாறவில்லை’ என்றது. இரண்டும் சத்தியம். திருடன் கட்டிக்கொடுத்த மூட்டை, வழியில் ஒரு மணி சிந்தாமல் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

திருடுகிற சிரமமும் மிச்சமானது 2021 ஜூனில் தெரியவந்தது. நெட்ஃபில்டர் என்ற தீய டிரைவரை மைக்ரோசாஃப்டிடமே கொடுத்திருந்தார்கள். அந்த நிறுவனமே முறையாகக் கையெழுத்திட்டுத் தந்திருந்தது.

அதே மாதக் கடைசியில் ஸ்பூலரிலிருந்த பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிவந்தது. அலுவலக வலையில் எந்தச் சாதாரணக் கணக்கு இருந்தாலும் போதுமானதாக இருந்தது. ‘இந்த டிரைவரை ஏற்று’ என்று சொன்னதும் ஸ்பூலர் கணினியின் முழு அதிகாரத்தோடு ஏற்றினார். கடைநிலை ஊழியர், தலைமை அதிகாரி என்ற பேதம் அவரிடம் இருக்கவில்லை. அலுவலகம் முழுவதன் கடவுச்சொற்களையும் காக்கும் டொமைன் கன்ட்ரோலரில் யாரும் ஒரு தாள்கூட அச்சடிப்பதில்லை. அங்கேயும், யாரும் கேட்காமலே, அவர் இரவு பகலாகக் கண்விழித்துக் காத்திருந்தார்.

திருத்தம் வரும்வரை மைக்ரோசாஃப்ட் சொன்ன மாற்றுவழிகளில் முதலாவது, ஸ்பூலரை நிறுத்திவிடுவது. நிறுத்தினால் ஆபத்து இல்லை, அச்சும் இல்லை. நோயாளிக்குச் சீட்டு அச்சடித்துத் தர வேண்டிய மருத்துவமனைகளுக்கும், சம்பளப் பட்டியல் எடுக்க வேண்டிய அலுவலகங்களுக்கும் பாதுகாப்பா காகிதமா என்று தாங்களே முடிவுசெய்துகொள்ளும் முழுச் சுதந்திரம் அந்த ஜூலையில் கிடைத்தது.