பாதி கடல், பாதி வானம்

கேள்வி: வெறும் கடலைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துவிட்டு, அதைப் பௌத்த தியானம் என்கிறார்களே! கலர் ஃபிலிம் வாங்கக் காசில்லையா?
— வாசகர் ஒருவர், காரைக்கால்

பதில்: காசுக்கென்ன குறை? அந்தப் படம் ஏலத்தில் போகிற விலைக்கு உங்கள் ஊர்க் கடற்கரையில் வீடே வாங்கலாம். ஜப்பானியர் ஹிரோஷி சுகிமோட்டோவைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1980-ல் தொடங்கி, கரீபியன் கடல், ஆங்கிலக் கால்வாய், ஜப்பான் கடல் என்று எங்கே போனாலும் ஒரே படம்தான்: கீழே நீர், மேலே வானம், நட்டநடுவில் கோடு. படகில்லை, பறவையில்லை, செல்ஃபி எடுக்கும் மாமா அறவே இல்லை. ஆதிமனிதன் கண்ட கடலை நாமும் காண முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. நிறம் இருந்தால் ‘அடடா, என்ன நீலம்!’ என்று நகர்ந்துவிடுவோம். அது இல்லாததால் மூட்டத்தையும் அலையையும் தேடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இதில் பௌத்தம் எங்கே என்கிறீர்களா? கியோட்டோவில் சஞ்சூசங்கெந்தோ என்றொரு கோயில். உள்ளே 1001 கண்ணோன் சிலைகள், நம் அவலோகிதேஸ்வரர்தான். அவற்றைப் படமெடுக்க அனுமதி வாங்கவே மனிதருக்கு 7 வருஷம் ஆயிற்று. 1995-ல் கதவு திறந்ததும் டியூப்லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு விடியல் வெளிச்சத்தில் எடுத்தார். நம்மூரில் ரேஷன் கார்டுக்கு அலைந்தவர்களுக்கு அந்தப் பொறுமை புரியும்.

மற்றபடி, மொபைலில் ஒரு ஃபில்டரைத் தட்டி நிறத்தை உருவிவிட்டு ‘ஜென்’ என்று தலைப்பு வைப்பவர்களை நம்பாதீர்கள். நீங்களும் கடலை அரைமணி நேரம் சும்மா பார்த்துவிட்டு எழுதுங்கள். நடுவில் சுண்டல் வாங்கப் போனால் ஃபெயில்.