உராய்வு தேவை என்றார் மந்திரி

இவான் விஷ்நெகிராத்ஸ்கியின் அப்பா பாதிரியார். பையனும் அங்கி மாட்டட்டும் என்று ரஷ்யாவின் ட்வேரில் இருந்த பாதிரிமார் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பையனோ பீட்டர்ஸ்பர்க் போய்க் கணக்கு வாத்தியாராகிவிட்டான். கணக்கில் சம்பளம் வரும், சொத்து வராது. அது புரிந்ததும் எஞ்சின் பக்கம் நகர்ந்தார். பிறகு தென்மேற்கு ரயில்வே கம்பெனி நிர்வாகத்தில் உட்கார்ந்து நன்றாகவே காசு பார்த்தார்.

நடுவில் ஒரு நல்ல காரியமும் செய்தார். அப்போது நீராவி எஞ்சின்களுக்கு ஒரு வியாதி. வேகத்தை அடக்க, ஜேம்ஸ் வாட் காலத்திலிருந்தே அவற்றில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். கவர்னர் என்று பெயர். வேகம் கூடினால் குண்டுகள் விரியும். விரிந்தால் வால்வு மூடி நீராவி குறையும். பழைய எஞ்சினில் இது கரகரவென்று உரசிக்கொண்டே ஒழுங்காக வேலை பார்த்தது. பாகங்களை வழவழவென்று கடைந்து, எஞ்சினையும் பெரிதாக்கினார்கள், பிடித்தது பேயாட்டம். குண்டுகள் விரிந்து, சுருங்கி, மறுபடி முன்னைவிட அகலமாக விரிந்தன.

1868இலேயே இயற்பியலாளர் மாக்ஸ்வெல் இந்த ஆட்டத்தின் கணக்கைத் தொட்டிருந்தார். ஆனால் அதைப் படித்து எந்த ஃபிட்டரும் ஸ்பானரைக் கையில் எடுத்திருக்க மாட்டார். 1876இல் விஷ்நெகிராத்ஸ்கி அந்த ஆட்டத்துக்கான மூன்றாம் படிச் சமன்பாட்டை இரண்டே எண்களுக்குச் சுருக்கி ஒரு வளைகோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் அடங்கும், அந்தப் பக்கம் ஆடும். உராய்வு இல்லாவிட்டால் கவர்னரே இல்லை என்பது அவர் தீர்ப்பு.

1887இல் ஜார் அவரை நிதியமைச்சராக்கினார். கஜானாவுக்குத் தங்கம் வர வேண்டும். அதற்குத் தானியம் கப்பலேற வேண்டும். அறுவடை முடிந்த கையோடு வரி கேட்டார்கள். குடியானவன் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டான். நாம் அரைவயிறு சாப்பிட்டாலும் ஏற்றுமதி நிற்காது என்று மந்திரி சொன்னதாகச் சொல்வார்கள். அந்த ‘நாம்’ யார் என்பதில் குடியானவனுக்குச் சந்தேகமே இருந்திருக்காது.

1891இல் வோல்காப் பக்கம் விளைச்சல் பொய்த்தது. கோடை முக்கால்வாசி கழிந்தபின்தான் ரை தானிய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதுவும் அறிவித்த தேதிக்கும் அமலாகும் தேதிக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் கொடுத்து! வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? கையில் இருந்ததை அள்ளி எல்லை தாண்டவிட்டார்கள். உலகத்துக்கே வால்வுக் கணக்கு போட்டுக் கொடுத்தவருடைய இலாகாவில் வால்வு மூடிய லட்சணம் இது. பஞ்சத்திலும் கூடவே வந்த காலரா, டைபஸிலும் செத்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர் என்பது கணிப்பு.

மறு வருடம் உடம்பு முடியாமல் பதவியை விட்டார். சேர்த்த தங்கம் வீண்போகவில்லை: அடுத்து நிதியமைச்சராக வந்த விட்டே, 1897இல் அதை வைத்துத்தான் ரூபிளைத் தங்கத்தோடு கட்டிப்போட்டார்.