விதி எழுதியவர்களுக்கு ஒரு பாராட்டு மடல்

உயர்கல்விக்கு விதி எழுதும் பெரியோர்களே, உங்களைத் திட்டுகிறவர்கள்தான் இந்த நாட்டில் அதிகம். இரண்டு ஆண்டு படித்துவிட்டு ஊர் மாற நேர்ந்த மாணவர்கள், டி.சி. கேட்டுக் கல்லூரி அலுவலக வாசலில் காத்திருக்கும் பெற்றோர்கள், ஒரு தசமப் புள்ளியால் வேலையைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் உங்களைக் குறை சொல்கிறார்கள். உங்கள் விதிகளை வரிவரியாகப் படிக்க அவர்களுக்கு நேரம் கிடைத்ததில்லை. நான் படித்தேன். படித்தவன் பாராட்டாமல் இருப்பது முறையல்ல.

முதல் பாராட்டு உங்கள் கிரெடிட் வங்கிக்கு. 2020-இல் தேசியக் கல்விக் கொள்கை சொன்னதை மறு ஆண்டு ஜூலையிலேயே விதியாக்கிவிட்டீர்கள். வகுப்பில் 15 மணி நேரம் பாடம் கேட்டால் ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் 30 மணி நேரம். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120, நான்காண்டுக்கு 160. எந்தக் கல்லூரியில் ஈட்டினாலும் மாணவர் பெயரில் ஒரே கணக்கில் சேரும் என்றீர்கள். சேர்கிறது. கைப்பேசியில் திறந்து பார்த்தால் எண்ணும் தெரிகிறது. அந்தக் கிரெடிட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு கல்லூரிக்குப் போகும்போதுதான் உங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டின் அருமை புரிகிறது. சேர்த்துவைப்பது மாணவரின் கையில். ஏற்றுக்கொள்வது போய்ச் சேரும் கல்லூரியின் கையில். அங்கே இடம் இருக்க வேண்டும், பாடத்திட்டம் பொருந்த வேண்டும், கல்விக் குழு ஒப்ப வேண்டும். சேமித்தவரே தொட முடியாதபடி சேமிப்பைக் காக்கும் வங்கி உலகில் வேறு எங்கே இருக்கிறது?

காலக்கெடுவிலும் உங்கள் கண்டிப்பு போற்றத்தக்கது. அந்தக் கிரெடிட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு ஆயுள் வைத்தீர்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியாரின் நோய் என்று எட்டாண்டு வீட்டில் கழித்துவிட்டுப் படிக்க வரும் பெண்ணுக்கு, அவள் படித்தது காலாவதியாகிவிட்டது என்று தயங்காமல் சொல்கிறீர்கள். அதே கல்லூரியில் அவளோடு படித்து, குறித்த காலத்தில் பட்டம் வாங்கியவரின் அறிவுக்கு ஆயுள் கணக்கு இல்லை. இருபதாண்டு புத்தகத்தைத் தொடாதவராக இருந்தாலும் அவர் பட்டதாரிதான். ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைக் கேட்ட இருவரில் யாருடைய அறிவு கெட்டுப்போகும், யாருடையது கெடாது என்பதைத் துல்லியமாகக் கண்டறிந்த உங்கள் ஞானத்தை என்னவென்பது!

அடுத்து, பாடத்திட்டப் பொருத்தம் பார்க்கும் கலை. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மாணவரின் சிலபஸை அலகு அலகாக விரித்து, தங்கள் சிலபஸோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கே மூன்றாம் செமஸ்டரில் வந்த பாடம் இங்கே இரண்டாம் செமஸ்டரில் இருந்தால் அது விடுபட்ட தாள். அங்கே நான்கு கிரெடிட், இங்கே மூன்று என்றால் அதற்கும் ஒரு கேள்வி. ஒரு பாடத்தில்கூடத் தோற்காமல் வந்த பிள்ளை, சேர்ந்த அன்றே சில தாள்களை அரியர் போலச் சுமக்கிறது. தேறிய கணக்குப் பாடத்தையே இன்னொரு பெயரில் மறுபடி எழுதுகிறது. அதற்குத் தேர்வுக் கட்டணமும் கட்டுகிறது. கற்றதை மறந்துவிடக் கூடாது என்ற உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது.

இடையில் நிற்க நேர்ந்தவர்களையும் நீங்கள் வெறுங்கையோடு அனுப்பவில்லை. முதலாண்டு முடித்து 40 கிரெடிட் சேர்த்தவர், கோடையில் 4 கிரெடிட் தொழிற்பயிற்சியும் முடித்தால் ஒரு சான்றிதழ். இரண்டாண்டு முடித்தால் டிப்ளமோ. மூன்றாண்டுக்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்பாவின் விபத்துக்காகவோ வீட்டுக் கடனுக்காகவோ படிப்பை விட்ட பிள்ளையை முன்பெல்லாம் பாதியில் நின்றவர் என்றார்கள். இப்போது ‘வெளியேறும் வாய்ப்பைப் பயன்படுத்தியவர்’ என்று மரியாதையோடு சொல்ல வழி செய்தீர்கள். அந்தச் சான்றிதழோடு வேலை தேடிப் போனால் என்ன நடக்கிறது? வங்கி எழுத்தர் தேர்வுக்குப் பட்டம் கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 2 தேர்வுக்குப் பட்டம் கேட்கிறார்கள். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். ஆகவே ஓராண்டு கல்லூரியில் படித்தவர், பத்தாம் வகுப்பு முடித்தவர் எழுதும் தேர்வையே எழுதுகிறார். பத்தாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் இடையே இப்படியொரு சமத்துவத்தை எந்தச் சீர்திருத்தக்காரரும் கொண்டுவந்ததில்லை.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். மதிப்பெண் மாணவர்களை வருத்துகிறது என்று இரக்கப்பட்டு, பத்துப் புள்ளி அளவுகோல் தந்தீர்கள். ‘ஓ’ என்றால் 10, ‘ஏ பிளஸ்’ என்றால் 9, ‘பி’ என்றால் 6. நாடு முழுவதற்கும் ஒரே மொழி என்றீர்கள். அந்த மொழியைத் திரும்பச் சதவீதமாக்கும் வழியை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் சி.ஜி.பி.ஏ.வைப் பத்தால் பெருக்கினால் போதும். கர்நாடகத்தின் விஸ்வேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகத் தந்த சூத்திரத்தில், முதலில் 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்க வேண்டியிருந்தது. இருவர் 6.5 வாங்கியிருந்தால் சென்னைக்காரருக்கு 65 சதவீதம், கர்நாடகக்காரருக்கு 57.5. வேலைக்கு எடுக்கும் நிறுவனமோ 60 சதவீதத்தில் கோடு போடுகிறது. ஒரே புள்ளி வாங்கிய இருவரில் ஒருவர் எழுத்துத் தேர்வுக்குப் போகிறார். இன்னொருவர் விண்ணப்பத்திலேயே நிற்கிறார். இருவரும் ஒரே நாட்டில் படித்தவர்களே ஆனாலும், எல்லையைத் தாண்டினால் எண்ணின் மதிப்பு மாறும் என்று காட்டிவிட்டீர்கள்.

சான்றிதழ் விஷயத்தில் உங்கள் கருணை இன்னும் பெரியது. கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாகச் சொன்னது. சொல் எவ்வளவு தெளிவோ, அதைக் கேட்பவர்களுக்கு நீங்கள் தந்த சுதந்திரமும் அவ்வளவு பெரிது. பாதியில் விலகும் மாணவரிடம், மிச்ச ஆண்டுகளின் ஃபீஸையும் கட்டிவிட்டு டி.சி.யை வாங்கிக்கொள் என்று சொல்லும் கல்லூரிகள் இன்றும் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அவர்கள் பீரோவில் இருக்கும்; மாணவர் வெளியே இருப்பார். பிள்ளைகளுக்கு உங்கள் சுற்றறிக்கை கிடைக்கிறது, கல்லூரிக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை.

இத்தனை பாராட்டுக்கும் நடுவே, உள்ளும் புறமும் ஒன்றாக நான் பாராட்டும் விதி ஒன்று உண்டு. கிரெடிட் வங்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். இதற்குக் கணக்கும் இல்லை, செயலியும் இல்லை. டிப்ளமோ முதலாண்டுக்கு ஈடு என்று ஒருமுறை முடிவு செய்தார்கள், விதியாக எழுதினார்கள், முடிந்தது. மாணவர் வந்து நிற்கும்போது எந்தத் துறைத் தலைவரும் அவருடைய சிலபஸை விரித்து வைத்து யோசிப்பதில்லை. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்குப் போய், அங்கிருந்து பொறியாளராகி, வீட்டின் முதல் பட்டதாரியான எத்தனையோ பேர் இந்த வழியில் வந்தவர்கள்.

இது ஏன் வேலை செய்கிறது, வங்கி ஏன் தடுமாறுகிறது என்பதற்குக் காரணம் எளிது. ஒன்றில் முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டது. மாணவருக்கு அது உரிமை. மற்றொன்றில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக முடிவு எடுக்கிறார்கள். எடுப்பவரோ, மறுத்தால் ஒன்றும் இழக்காதவர். ஏற்றுக்கொண்டால் அவருக்கு வேலை கூடும், மறுத்தால் குறையும். இழப்பு முழுவதையும் மாணவர் சுமக்க, அதிகாரம் முழுவதையும் கல்லூரி வைத்துக்கொள்ளும் எந்த ஏற்பாடும், எத்தனை கிரெடிட் எழுதினாலும், படித்தவரை நகர விடாது.

ஆகவே பெரியோர்களே, டிப்ளமோ மாணவருக்குச் செய்ததை மற்றவர்களுக்கும் செய்யுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று பட்டியல் போட்டு, சேர்க்கை தொடங்கும் முன்பே வெளியிடுங்கள். பட்டியலில் இல்லாத பாடத்தை மறுக்கும் கல்லூரி, குறித்த நாளுக்குள் எழுத்தில் காரணம் தரட்டும். தராவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படட்டும். சி.ஜி.பி.ஏ.வுக்குரிய சதவீதத்தை நாடு முழுவதும் ஒரே சூத்திரத்தால் கணக்கிட்டு மதிப்பெண் சான்றிதழிலேயே அச்சிடுங்கள். ஓராண்டுச் சான்றிதழுக்கும் இரண்டாண்டு டிப்ளமோவுக்கும் தகுதியான வேலைகள் எவை என்று அரசுப் பணித் தேர்வுகளிலேயே சொல்லுங்கள். காலாவதியை எடுங்கள்; நாள்பட்ட பாடத்தை நினைவூட்ட ஒரு குறுகிய பயிற்சி போதும். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கும் கல்லூரிக்குச் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள், அபராதம் விதியுங்கள்.

ஒரு மாணவர் படித்த பாடம் அவருடையது. எங்கே படித்தார், எப்போது படித்தார், ஃபீஸ் பாக்கி உண்டா என்பவை எதுவும் அதை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. இந்த ஒரு வரியை முதல் விதியாக எழுதி, மற்ற விதிகளை அதற்குக் கீழ்ப்படியச் செய்யுங்கள். அதன் பிறகு நான் எழுதும் பாராட்டை நீங்கள் மேலோட்டமாகவே படிக்கலாம். உள்ளே வேறு பொருள் இருக்காது.