ஃபில்டர் போட்டதும் மறைந்தவர்கள்

ஆரணிப் பக்கம் ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் கணக்கு எழுதிய காலத்தில், சேவூர் உறுப்பினர்களில் அறுபதைத் தாண்டியவர்களை எடுக்க முழுப் பேரேட்டையும் புரட்டியாக வேண்டும். தறிக்கு ஒரு பக்கம். புரட்டும்போது தேடாதவர்களும் கண்ணில் படுவார்கள். இவர் பாவு வாங்கி ரொம்ப நாளாகிவிட்டதே, அந்த வீட்டில் முன்பணம் ஏறிக்கொண்டே போகிறதே என்று ஓரத்தில் பென்சில் கோடு விழும். கோட்டைப் பார்த்து யாராவது தெருவுக்குப் போய் விசாரித்து வருவார்கள்.

இன்று எக்செல். கன்ட்ரோல், ஷிப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு தலைப்பிலும் ஃபில்டர் போட ஒரு அம்புக்குறி வந்து உட்காரும். வயது அறுபதுக்கு மேல், ஊர் சேவூர். நொடியில் பட்டியல் தயார். ஓய்வூதிய மனுக்கள் கெடுவுக்குள் போய்ச் சேருகின்றன. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஃபில்டர் கேட்டதை மட்டும்தான் காட்டும். சேவூரை ஆங்கிலத்தில் ஒருவர் 'யு' போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் இரண்டு 'ஓ' போட்டிருப்பார். ஒன்றை மட்டும் டிக் செய்தால் மற்றொன்றில் இருக்கும் குடும்பங்கள் மறைந்துபோகும். ஃபில்டர் போடாமலேயே கோப்பு ஆட்களை விழுங்குவதும் உண்டு. இங்கிலாந்தில் 2020-இல் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பு மீதியை வெட்டிவிட்டிருந்தது.

என்னை அதிகம் உறுத்துவது 'தொழில்' என்ற பத்தி. 'நெசவாளர்' என்று மட்டும் ஃபில்டர் போட்டால், தார் சுற்றும் பெண்கள், பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக எடுத்து முறுக்குகிற அந்த வேலை முடியாமல் தறியில் அடுத்த சேலை ஏறாது. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு துணைத் தொழிலாளர்களையும் சேர்த்துத்தான் எண்ணியது. மேலிருந்து 'நெசவாளர் பட்டியல்' என்று கேட்டு வரும்போது நாம்தான் ஒரு கட்டத்தை மட்டும் டிக் செய்து அனுப்பிவிடுகிறோம்.

இப்போது பட்டியல் போடும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். தறி எண்ணுக்குத் தனிப் பத்தி வையுங்கள். பெயரையும் ஊரையும் யார் எப்படி எழுதினாலும் எண் மாறாது. மிச்சமான நேரத்தில் ஃபில்டரைத் திருப்பிப் போட்டு, விடுபட்ட வரிகளையும் படியுங்கள். அப்படிப் படித்த ஒரு பெண், தொழில் கட்டம் காலியாக இருந்த வீடுகளை மட்டும் தாளில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க் கேட்டு எழுதிவருகிறார்.